குவிமாடத்தில் ஒரு விருந்தாளி

அன்று மலைமேல் இருந்தவர்கள்: தொலைநோக்கியை இயக்கும் நான், பெயர் நிபால்தோ, இயற்பியல் படிப்பைப் பாதியில் விட்டவன்; வானியலாளர் ரயேன்; நிர்வாகி மவுரோ; அன்டோஃபகஸ்டா நகரத்திலிருந்து அவன் அழைத்து வந்த செம்புச் சுரங்க முதலாளி, தோன் எவாரிஸ்தோ என்ற பெரியவர்.

ரயேனுக்கு வேண்டியது வெடித்துச் சிதறிய ஒரு நட்சத்திரத்தின் ஒளி. நிறம் நிறமாகப் பிரித்தால் அதற்குள் என்னென்ன தனிமங்கள் இருந்தன என்று தெரியும். நாளுக்கு நாள் அது மங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கிடைத்தது இந்த ஒரே இரவு. அதில் பாதியைக் காற்று தின்றுவிட்டது. காற்று அடங்கி நாங்கள் குவிமாடத்தைத் திறந்தபோது நட்சத்திரம் மேற்கே சாய்ந்திருந்தது.

முதல் பதிவு திரைக்கு வந்தது. ஒளியின் அளவைக் காட்டும் கோட்டில், நீலப் பகுதியில் பெரிய மேடு.

"என்ன கண்றாவி இது?" என்றாள் ரயேன். "நட்சத்திரத்துல இப்படி வராதே."

"உள்ள எவனோ லைட்டு போட்டிருக்கான்," என்றேன்.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து குவிமாடத்துக்குள் ஓடினோம். தொலைநோக்கிக்கு அடியில் நாற்காலி போட்டு, தோன் எவாரிஸ்தோ செல்போனில் பழைய கால்பந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, அதை அணைச்சிட்டு வெளிய வாங்க," என்றேன்.

"இவ்வளவு பெருசா கட்டி வச்சிருக்கீங்க, கண்ணு வச்சுப் பாக்க ஒரு ஓட்டை இல்லயேப்பா!"

பின்னாலேயே ஓடி வந்த மவுரோ என் சட்டையை இழுத்தான். "டேய், டெலஸ்கோப் கண்ணாடிக்குப் பணம் குடுத்த மனுசன்டா. மெதுவா பேசு."

"இப்ப அந்தக் கண்ணாடியில இவரு செல்போன்தான் தெரியுது. போதுமா?"

"நட்சத்திரம் பாக்காம நகரமாட்டேன்," என்றார் பெரியவர்.

"மவுரோ காட்டட்டும்," என்றேன்.

"அவனுக்கு நிலாவையே அடையாளம் தெரியாது. இந்தப் பொண்ணு வரட்டும்."

நட்சத்திரம் அடிவானத்தைத் தொடுவதற்குள் இன்னும் ஒரே ஒரு பதிவு எடுக்கலாம். இப்படி ஒன்று வெடிக்காதா என்று மூன்று வருடம் காத்திருந்தவள் ரயேன். அதன் ஒளி கோடு கோடாகத் திரையில் விழும்போது பக்கத்தில் இருக்கத்தான் இவ்வளவு தூரம் ஏறி வந்திருந்தாள். பல்லைக் கடித்தாள்.

"வாங்க ஐயா, வெளிய நின்னு காட்டுறேன்." பிறகு என்னிடம், "எது வந்தாலும் நிறுத்தாத, நிபால்தோ."

"நீ பாக்க வேணாமா?"

"பாத்து என்ன கிழிக்கப் போறேன்? டேட்டா வந்தா போதும்."

பொய் சொன்னாள். மூவரும் வெளியே போனார்கள்.

"அய்யய்யோ, என்ன குளிரு! உள்ளயே போயிடலாம்மா," என்று பெரியவர் வாசலிலேயே திரும்பினார்.

ரயேன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் கதவை உள்ளிருந்து சாத்திப் பூட்டினேன்.