பத்தடி பின்வாங்கிய தண்ணீர்

எழுதி வைக்காதது நடக்கவே இல்லை. செகந்திராபாத் பக்கம் நாச்சாரத்தில் ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்த எனக்கு இதுதான் இரண்டாவது வேதம். அந்தப் பழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது.

எங்கள் ஏரிக்கரையில் ஒரு டென்னிகாய்ட் கோர்ட் இருக்கிறது. ரப்பர் வளையத்தை வலைக்கு மேலே வீசி, ஒரே கையால் பிடிக்கும் ஆட்டம். சர்ச் பெண்கள் எட்டுப் பேர் சேர்ந்து பதினாறு வருஷத்துக்கு முன்னால் உண்டாக்கியது. ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை மற்ற சபைக்காரர்கள் பிக்னிக் போவார்கள். நாங்கள் கரையில் மொரம் என்கிற சரளை மண்ணைக் கொட்டி, மழைக்கு முன்னால் கெட்டிப்படுத்துவோம். மதியம் அங்கேயே தக்காளி சாதம். வருஷத்துக்கு ஒரு போட்டோ ஆல்பத்தில் ஏறும், அதன் கீழே என் கையெழுத்தில் ஒரு வரி.

இப்போது அந்த ஏரிக்கரை முழுவதையும் புதுப்பிக்கப் போகிறார்கள். நடைபாதை, சைக்கிள் பாதை, சோலார் விளக்கு, கழிவுநீரைச் சுத்தப்படுத்த நாணல் படுகை, உள்ளரங்கில் பேட்மிண்டன், பிக்கிள்பால். நல்லதுதான், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் வரைபடத்தில் எங்கள் கோர்ட் மட்டும் இல்லை.

திட்டத்தைத் தயாரிக்கும் இன்ஜினியர் கிருஷ்ணபிரசாத் செகந்திராபாத் தமிழ்ப் பையன். போய்ச் சண்டை போட்டேன். "ஆன்ட்டி, இத்தனை வருஷமா இங்கே விளையாடறேள்னு ஏதாவது ஆதாரம் இருந்தா குடுங்கோ, சேர்க்கப் பாக்கறேன்" என்றான். ஆதாரமா, என்னிடமா கேட்கிறாய் என்று ஆல்பத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, ஜெயித்த மாதிரி வீடு வந்தேன்.

எனக்காக மட்டும் இல்லை இது. அம்மணிக்காகவும்தான். கோயம்புத்தூர்க்காரி, சர்ச் ஆள் இல்லை, ஏரிக்குப் பின்தெருவில் தரைத்தள வீடு. அவள் வீட்டுக்காரர் ஜகதீசன் பக்கவாதம் வந்து ஐந்து வருஷமாகப் படுக்கையில். காலை ஆறிலிருந்து ஏழு வரை ஒரு ஆயா வந்து பார்த்துக்கொள்வாள். அந்த ஒரு மணி நேரம் அம்மணி எங்களோடு ஆடுவாள். ஆடும்போது மட்டும்தான் அவள் சத்தமாகச் சிரித்துக் கேட்டிருக்கிறேன்.

மூன்றாம் நாள் கிருஷ்ணபிரசாத் ஆல்பத்தோடு வீட்டுக்கு வந்தான். காபியைத் தொடவில்லை. ஒரு பக்கத்தைத் திறந்து என் பக்கம் தள்ளினான். சேலையைச் செருகிக்கொண்டு மண்கூடையோடு நான். கீழே: 'இரண்டு டிராக்டர் மண். தண்ணீர் இன்னும் பத்தடி பின்வாங்கியது. தேவனுக்கு ஸ்தோத்திரம்.'

"ஆன்ட்டி, இது கோர்ட்டைப் பராமரிச்சது இல்லே. ஏரியைத் தூர்த்தது."

உள்ளேயிருந்து என் கணவர் தனசிங் சிரித்தார். "தவள தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாவ."

நான் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றது. கிருஷ்ணபிரசாத் வரைபடத்தை விரித்தான். எங்கள் கோர்ட் இருக்கும் இடத்தில்தான் முன்பு உபரித்தண்ணீர் போகும் வாய்க்காலின் வாய் இருந்ததாம். அது அடைபட்டதால் தண்ணீர் பின்தெருவுக்குத் திரும்புகிறது. "போன ஆகஸ்ட்லே பதினோரு ஆத்துக்குள்ளே தண்ணி போச்சே, அது இதனாலேதான்."

பதினொன்றில் ஒன்று அம்மணியின் வீடு. அன்றைக்கு நானும் தனசிங்கும்தான் போய் ஜகதீசனின் கட்டிலைச் செங்கல் மேல் ஏற்றினோம். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு மாநகராட்சியை ஏழு தலைமுறைக்குத் திட்டினேன்.

"எங்க ஆபீஸ்லே தமிழ் படிக்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்" என்றான். "நாளைக்குப் பதினொரு மணிக்கு மீட்டிங். ஆல்பம் இல்லேன்னா வாய்க்காலை மூடினது யாருக்கும் தெரியாது, இத்தனை வருஷமா விளையாடறேள்னு நானே சொல்லிக் கோர்ட்டைச் சேர்த்துடலாம். இருந்தா, அந்த இடத்தை வெட்டி வாய்க்காலைத் திறந்தாகணும். நீங்களே சொல்லுங்கோ." ஆல்பத்தை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனான். ஆறிப்போன காபியில் ஆடை படிந்திருந்தது.

சம்பளம் வாங்குகிறவன் அவன், முடிவு என் தலையிலா என்று ஆத்திரமாக வந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் வழியில் அம்மணிதான் நின்றாள். கோர்ட் போனால் அவளுடைய ஒரு மணி நேரம் போகும். இருந்தால் அவள் வீட்டுக்குள் தண்ணீர் போகும். புது அரங்கத்தில் போனில்தான் இடம் பிடிக்க வேண்டுமாம். ஆட்டங்களின் பட்டியலில் டென்னிகாய்டே இல்லை.

"சும்ம இரு சுந்தரி" என்றார் தனசிங். "ஆல்பத்த பரண்ல போடு. யாரு கேக்கப் போறா?"

"எழுதி வச்சத இல்லன்னு சொல்லச் சொல்லுதியளோ?"

மறுநாள் காலை கோர்ட்டில் அம்மணி கேட்டாள். "நம்ம கோர்ட்டு வந்துருமில்லீங்க்கா?"

கையில் வந்த வளையத்தைத் தவறவிட்டேன். உன் வீட்டில் தண்ணீர் விட்டது நாங்கள்தான் என்று எந்த வாயால் சொல்வது? "பாப்போம்" என்றேன். அது கோழைத்தனம், வேறு பெயர் கிடையாது.

பத்தரை மணிக்கு, மீட்டிங்குக்கு அரை மணி நேரம் முன்னால், ஆல்பத்தைக் கிருஷ்ணபிரசாத் கையில் கொடுத்தேன். வாங்கிப் பையில் வைத்தான். அங்கிருந்து நேரே அம்மணி வீட்டுக்குப் போனேன். ஜகதீசனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். சுவரில் போன ஆகஸ்ட் தண்ணீரின் கறை இன்னும் முழங்கால் உயரத்தில் இருந்தது. மண் கொட்டியது, வாய்க்கால், ஆல்பம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். என்னைத் திட்டுவாள், பிறகு மன்னிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் ஜகதீசனின் வாயைத் துடைத்தாள். "தெரியுமுங்க்கா."

"என்னது தெரியும்?"

"நம்ம மண்ணு ஏற ஏறத் தண்ணி இந்தப் பக்கம் திரும்புதுன்னு. மூணு வருசமாப் பாக்கறனுங்க."

"ஒரு வார்த்த சொல்லலியே அம்மணி."

"சொன்னா கோர்ட்ட எடுத்துருவீங்க. தண்ணி வருசத்துல ரெண்டு நாளு வருமுங்க, தொடச்சு வுட்டுக்குவேன். கோர்ட்டு தெனமும் இருந்துதுங்களே."

மற்ற பத்து வீடு என்று கேட்க வாய் வரை வந்தது. இத்தனை வருஷம் மண் சுமந்தவள் நான், அதை அவளிடம் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க்கா" என்று சொல்லிவிட்டு, அடுத்த கரண்டிக் கஞ்சியை ஊதினாள்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பதினொன்று ஐந்து.