இப்பதான் எழுந்து போனாரு

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்துவிடுவோம். போன் அடித்து யாராவது ஓர் ஆளைக் கேட்டால், அந்த ஆள் மச்சினி கல்யாணத்துக்குப் போயிருந்தாலும், வீட்டில் குப்புறப் படுத்துத் தூங்கினாலும், "இப்பதான் எழுந்து போனாரு" என்று சொல்ல வேண்டும். வரவில்லை என்றால் வம்பு. இருக்கிறார் என்றால் கூப்பிடச் சொல்வார்கள். இதில் இரண்டும் இல்லை. செங்கல்பட்டில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியதில் நான் அடைந்த ஞானம் இவ்வளவுதான்.

காசிநாதனுக்கு எனக்கு அடுத்த நாற்காலி. படாளத்திலிருந்து பஸ்ஸில் வருவார். தினமும் மூன்று மணி வாக்கில் டிராயரிலிருந்து ஒரு நீலத் துண்டை எடுத்து நாற்காலி முதுகில் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். துண்டு கிடந்தால் ஆள் பக்கத்தில்தான் இருக்கிறார் என்று அர்த்தம். ஆபீஸ் மூடுகிற நேரத்துக்கு வந்து துண்டை மடித்து உள்ளே வைப்பார். இடையில் அவர் மனைவி ஊரிலிருந்து போன் செய்வாள். யார் எடுத்தாலும் அந்த வாக்கியத்தைச் சொல்வோம். அவளும் "சரிங்க" என்று வைத்துவிடுவாள்.

தொண்ணூற்றெட்டில் ஒருநாள் காலையில், பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் மாரைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. மாலை வாங்கிக்கொண்டு போனோம். திரும்பி வரும் வழியில் டீ குடித்தோம்.

இரண்டு வருஷம் அலைந்த பிறகு, கருணை அடிப்படையில் அவர் மனைவி வசந்தாவுக்கு வேலை கொடுத்தார்கள். எங்கள் அலுவலகத்திலேயே, அவருடைய நாற்காலியிலேயே. முதல் நாள் டிராயரைத் திறந்தவள் துண்டைப் பார்த்தாள். தொடாமல் மூடிவிட்டாள்.

அவளுக்கு மட்டும் முதல் நாள் அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொடுக்க எங்களுக்கு வாய் வரவில்லை. மூன்றாம் நாள் போன் வந்தது. ஜெயக்குமாரைக் கேட்டார்கள். எங்கள் ஜெயக்குமார் பாதி நாள் மாமல்லபுரம் பக்கம் யாருக்காவது மனை காட்டிக்கொண்டிருப்பான். சர்க்கார் வேலை அவனுக்கு உபதொழில். வசந்தா ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தாள். இப்பதான் எழுந்து போனாருன்னு சொல்லு என்று மெதுவாகச் சொன்னேன். அவள் சொல்லவில்லை. என்னையே பார்த்தாள். நானே வாங்கிச் சொல்லிவிட்டு வைத்தேன்.

"அக்கா, எனக்கும் இதத்தான் சொன்னீங்களா?"

எல்லோருக்கும் இதுதான் என்றேன்.

அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? எப்ப போன் பண்ணாலும் இப்பதான் எழுந்து போனாருன்றாங்களே, ஒரு நிமிசம் அந்த ஆளக் குந்த வுடாம வேலை வாங்கிகினு கீறாங்களேன்னு நெனச்சேன். ராத்திரி வூட்டுக்கு வந்தா சுடுதண்ணி வெச்சி, காலுக்கு எண்ண தேச்சி வுடுவேன்."

அவர் ஒன்றும் சொல்லமாட்டாரா என்று கேட்டேன்.

"இல்ல. கால நீட்டிகினு கம்முனு கெடப்பாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது பாதியிலேயே நின்றும்விட்டது. அதற்குப் பதிலாக வேறு எதுவும் வரவில்லை. அழுகை வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அப்படியானால் அவர் தினம் எங்கேதான் போனார்? வசந்தாவுக்கு அதன்பிறகு வேறு நினைப்பே இல்லை. ஒவ்வொருவராகக் கேட்டாள். ஜெயக்குமார் நூலகம் என்றான். சூப்பிரண்டு ராமானுஜம், ஏரிக்கரையில் காற்று வாங்கப் போவார் என்று ரொம்பப் பெரிய மனது பண்ணிச் சொன்னார். கூட்டிப் பெருக்கும் செங்கம்மாள் ரயில்வே ஸ்டேஷன் என்றாள். எல்லாம் ஆறுதலுக்குச் சொன்னது. ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. இத்தனை வருஷம் முழங்கை இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்தும், எங்கே போகிறீர்கள் என்று நான் கேட்டதில்லை. எழுந்து போகிறவரைக் கேட்பது எங்கள் ஆபீஸில் மரியாதை இல்லை. நான் போகும்போது அவரும் கேட்டதில்லை.

சாப்பாட்டு நேரத்தில் அவள் அவருடைய போட்டோவை எடுத்துக்கொண்டு நூலகத்துக்கும் ஸ்டேஷனுக்கும் நடந்தாள். ஏரிக்கரைக் கடைகளிலும் காட்டினாள். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. எதற்கு இப்படி வெயிலில் அலைகிறாய், வேறு யாராவது இருந்திருப்பார்களோ என்ற சந்தேகமா என்று கேட்டேவிட்டேன்.

"இன்னொரு வூடு இருந்தாகூடப் பரவால்லக்கா. இங்கதான் போனாருன்னு ஒரு எடம் தெரிஞ்சாப் போதும்."

அப்படி ஓர் இடம் கிடைக்கவேயில்லை. மழைக்காலம் வந்ததும் போட்டோவை எடுத்துவருவதை நிறுத்திக்கொண்டாள். தபால் பிரிக்கவும் முத்திரை குத்தவும் பழகினாள். எங்களைப்போலவே மதியத்தில் கொட்டாவி விட்டாள்.

அப்புறம் ஒருநாள் போன் அடித்தது, வசந்தா எடுத்தாள். சதுரங்கப்பட்டினத்திலிருந்து பேசுகிறேன் என்று ஒரு பெரியவரின் குரல் எனக்கே கேட்கிற அளவுக்கு இரைந்தது. காசிநாதன் சார் இருக்கிறாரா என்று கேட்டார். பாவம், அவருக்கு விஷயம் தெரியாது. நான் பதறி ரிசீவருக்காகக் கையை நீட்டினேன். வசந்தா கொடுக்கவில்லை.

"இப்பதான் எழுந்து போனாரு" என்றாள். தடுமாற்றமே இல்லை.

எங்கே போயிருக்கிறார் என்று கேட்டார் பெரியவர். அப்படிக் கேட்டால் டீ குடிக்க என்று சொல்வது எங்கள் வழக்கம். அதையும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தோம்.

"தெரியலைங்க. யாராண்டயும் சொல்லிட்டுப் போவல."

"சரிங்க" என்று அவர் வைத்துவிட்டார்.

வசந்தாவும் வைத்தாள். டிராயரைத் திறந்து அந்த நீலத் துண்டை எடுத்து உதறி, நாற்காலி முதுகில் போட்டாள். கிளம்பப்போகிறாள் என்று நினைத்தேன். கிளம்பவில்லை. துண்டின்மேல் சாய்ந்து உட்கார்ந்து, அடுத்த தபாலை எடுத்து முத்திரை குத்தினாள்.