சுடாத பல்பு

பதினெட்டு வருடமாக நான் சொல்லிவரும் புதிர் அது. மூடிய அறைக்குள் ஒரு பல்பு, வெளியே மூன்று ஸ்விட்ச். எந்த ஸ்விட்ச் பல்புக்குரியது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் அறைக்குள் ஒரே ஒரு முறைதான் போகலாம்.

அன்றைக்கு அதைத்தான் எடுத்தேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடைப் புதிர்களுக்கென்று மல்லுக்கட்டி வாங்கியிருந்தவன் நான். "பரீட்சைக்கு உதவாத பீரியட் எதுக்கு சார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்த தலைமையாசிரியை, நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்வதாகக் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பீரியடும் போனால் எனக்கு மிச்சம் வாய்ப்பாடும் சூத்திரமும்தான்.

பிள்ளைகள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கலாமா, உள்ளே ஓர் ஆளை நிறுத்தலாமா என்றார்கள். எல்லாவற்றுக்கும் கூடாது என்றுவிட்டு, கெத்தாக விடையை அவிழ்த்தேன்.

"முதல் ஸ்விட்ச்சைப் போட்டு பத்து நிமிஷம் விடுங்க. அதை அணைச்சிட்டு ரெண்டாவதைப் போட்டுட்டு உள்ள போங்க. பல்பு எரிஞ்சா ரெண்டாவது. எரியலை, ஆனா தொட்டா சுடுதுன்னா முதலாவது. சுடவும் இல்லைன்னா மூணாவது."

கைதட்டலுக்குக் காத்திருந்தேன். ஒயர்மேனின் மகள் எழுந்தாள்.

"பல்பு சுடாதே சார். இப்ப எல்லாம் எல்இடிதான். எங்கப்பா எரியற பல்பையே வெறுங்கையால கழட்டுவாரு."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "வா, தொட்டே பாத்துடுவோம்" என்று மொத்த வகுப்பையும் வராந்தா கோடியிலிருந்த சாமான் அறைக்குக் கிளப்பிக்கொண்டு போனேன். விளக்கைப் பத்து நிமிடம் எரியவிட்டு அணைத்தேன். மேஜைமேல் ஏறி வெள்ளைக் குமிழைப் பிடித்தேன். பெயருக்குக்கூடச் சூடு இல்லை.

"சார் பல்பு வாங்கிட்டாரு!" என்று யாரோ கத்த, வராந்தாவே சிரித்தது. இத்தனை வருடத்தில் ஒருநாளாவது ஒரு பல்பைத் தொட்டுப் பார்த்தேனா? வெட்கமாக இருந்தது.

"அப்போ இதுக்கு விடை என்ன?" என்றார் தலைமையாசிரியை.

மழுப்பியிருக்கலாம். வாய் வரவில்லை. "தெரியலை மேடம்."

"விடை தெரியாத கேள்விக்கு ஒரு பீரியடா? இனிமே அது ரிவிஷன் பீரியட்."

திங்கட்கிழமை காலை அட்டவணையில் அப்படியே மாற்றி ஒட்டியிருந்தார்கள். வயிற்றெரிச்சலோடு இரண்டு வகுப்பு எடுத்தேன். மதியம் சாக்பீஸ் எடுக்கச் சாமான் அறைக்குப் போனால், உள்ளே செருப்பைக் கழற்றிவிட்டு மேஜைமேல் நிற்கிறார் தலைமையாசிரியை. விளக்கு அணைந்திருந்தது.

"சத்தம் போடாம இங்க வாங்க சார். குமிழைத் தொடாதீங்க. அதுக்குக் கீழ, மாட்டற இடத்துக்கிட்ட தொடுங்க."

நானும் ஏறித் தொட்டேன். நன்றாகவே சுட்டது.

"ரெண்டு நாளா வீட்டுல ஒரு பல்பை விடலை. என் வீட்டுக்காரர் எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டாரு" என்றபடி இறங்கிக் கைத்தூசியைத் தட்டினார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"வெள்ளிக்கிழமை இதைப் பிள்ளைங்ககிட்ட நான்தான் சொல்லுவேன். அதுக்குள்ள நீங்க வாயைத் திறந்தீங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு!"