போய்ட்டு வாங்க என்று அனுப்பிய சாப்ட்வேர்

பாட்டு செய்யும் சாப்ட்வேரைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால், அது அந்த வீட்டிலிருந்து ஒரு சத்தத்தை எடுத்துக்கொள்ளும். நீக்கினால் திருப்பிக் கொடுத்துவிடும். கீழ்வீட்டில் மிக்சி சத்தத்தை எடுத்தது. எதிர்வீட்டில் மாமனாரின் குறட்டையை எடுத்தது. அவர்கள் அதை நீக்கவேயில்லை.

செவ்வந்தி வீட்டில் குழந்தையின் அழுகையை எடுத்துக்கொண்டது.

அவள் புருஷன் முருகவேல், ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிப் போடுகிற விளம்பரப் பாட்டு செய்கிறவன். சாப்ட்வேர் ஏற்றிய அன்று சாயங்காலமே ஒரு ஜவுளிக்கடைப் பாட்டைத் தன் குரலிலேயே பாடி முடித்துவிட்டு, அதைக் கொடுக்க வெளியூர் கிளம்பினான். மறுநாள் காலை செவ்வந்தி வெங்காயம் நறுக்கிவிட்டுத் திரும்பினாள். பாயில் கிடந்த ஐந்து மாதப் பிள்ளை ஆதிரை, வாயைத் திறந்து முகம் சிவக்கக் கத்திக்கொண்டிருந்தாள். சத்தம் மட்டும் இல்லை. எவ்வளவு நேரமாகவோ. காதுப்பக்கத் துணியெல்லாம் கண்ணீரில் நனைந்து கிடந்தது.

அதற்குப் பிறகு செவ்வந்தி பிள்ளைமேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. சோறு குழைந்தது. குளிக்கப் போனாலும் கதவைத் திறந்தே வைத்தாள். தூக்கம் சுத்தமாகப் போயிற்று. முருகவேலுக்குப் போன் போட்டாள்.

“ஏங்க, பிள்ளைக்குப் பசிச்சா எனக்குத் தெரியலைங்க.”

“கடைக்காரர் பாட்டை வாங்கிட்டாரு. இனி அந்தச் சாப்ட்வேரை எடுத்திரலாம். பாண்டித்துரையை வரச் சொல்றேன்.”

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற பாண்டித்துரை வந்தார். காபி குடித்தார். அமுக்க வேண்டியதை அமுக்கினார். திரையில் ஒரு பச்சைக்கோடு நீண்டு முடிந்தது.

“என் வேலை ஆச்சு தங்கச்சி. வாசல்ல நிக்குது பாரு. வீட்டாள் வழியனுப்புனாத்தான் படி இறங்கும்.”

வாசல் திரைச்சீலை உப்பிக்கொண்டு நின்றது. செவ்வந்தி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தலை குனிந்தபடி, “போய்ட்டு வாங்க” என்றாள்.

சீலை அமர்ந்தது. பாண்டித்துரை இரண்டாவது காபி குடித்து முடிப்பதற்குள் கம்ப்யூட்டர் திரை தானாக ஒளிர்ந்தது. அது போய்விட்டு வந்திருந்தது.

“வாங்கன்னா வரத்தானே செய்யும்?” என்றார்.

“வேற என்னண்ணே சொல்றது?”

“போன்னு சொல்லு.”

செவ்வந்தி இதுவரை யாரையும் அப்படிச் சொன்னதில்லை. பால் திருடுகிற பூனையைக்கூடப் போய்ட்டு வா என்றுதான் அனுப்புவாள். “நீங்களே சொல்லிடுங்கண்ணே.”

“நான் வீட்டாளா? காபி குடிக்க வந்தவன்.”

பச்சைக்கோடு மறுபடி ஓடியது. சீலை உப்பியது. அவள் வாயைத் திறந்தாள். “இன்னொரு நாளைக்கு வாங்க” என்று வந்தது.

“கெட்டுது போ. நாளைக்கு விடிய வந்து நிக்கும்.”

சொன்னபடி ஐந்தரைக்கு வந்து நின்றது. பத்து மணிக்குப் பாண்டித்துரையும் வந்தார். இந்த முறை காபி கேட்கவில்லை.

பச்சைக்கோடு முடிந்தபோது பிள்ளை அவள் இடுப்பில் இருந்தாள். சின்ன வயிறு எக்கி எக்கி அடங்குவது செவ்வந்தியின் விலாவில் தெரிந்தது. தோளில் சூடாக ஈரம் இறங்கியது. காதில் ஒன்றும் விழவில்லை.

அவள் தலையை நிமிர்த்தித் திரைச்சீலையை நேராகப் பார்த்தாள்.

“போ.”

“இன்னும் கொஞ்சம் சத்தமா, தங்கச்சி.”

“போ!”

பக்கத்து வீட்டில் ஓடிக்கொண்டிருந்த மிக்சி நின்றது. சீலை தட்டையாகத் தொங்கியது. யாரோ படி இறங்கினார்கள்; கடைசிப் படியில் ஒரு நொடி நின்றார்கள். செவ்வந்தி எதுவும் சொல்லவில்லை. போய்விட்டார்கள்.

ஆதிரை வீடு அதிர அழுதாள். அழுது மூச்சு வாங்கிய இடத்தில், முருகவேலின் குரலில், “மூன்றே நாள், பாதி விலை, பேருந்து நிலையம் எதிரில்” என்றாள்.

செவ்வந்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பால் கொடுத்தாள்.

சாயங்காலம் அடுப்படியில் இருந்தபோது மறுபடி அழுகை கேட்டது. இந்தத் தடவை நடுவில் ‘பேருந்து நிலையம்’ மட்டும்தான் வந்தது. பசி அழுகையில்லை, காதிலேயே தெரிந்தது. ஈரத்துணியை மாற்றிவிட்டு வந்து, குழம்பைக் கிளறினாள்.