புல்லுக்கட்டு லாரியும் மருமகளின் ரவுட்டரும்

இப்போதெல்லாம் எவனுக்கும் சும்மா உட்காரத் தெரியவில்லை. எங்கள் மலையூர் கொச்கோரில், வீட்டு முன்னறையில் மருமகள் பெகிமாய் விமான டிக்கெட் விற்கிறாள். நடுவில் நெட் நின்றால் போதும், வந்தவன் பாலத்துக்கு அந்தப் பக்கக் கடைக்கு ஓடிவிடுகிறான்.

எங்கள் காலத்தில் பேருந்து நிலைய ஜன்னலில் டிக்கெட் கொடுக்க சோனுன் இருப்பாள். இடம் இருக்கிறதா என்று கேட்கும் தலைநகரத்துத் தொலைபேசி லைன் அறுந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு, தேநீருக்கு வெந்நீர் கொதிக்கும் சமோவாரைப் பற்றவைப்பாள். மூட்டைகள்மேல் உட்கார்ந்து பொரித்த ரொட்டியைப் பங்கு போட்டுத் தின்போம். ஓர் ஆட்டு வியாபாரி பாடுவான். குரல் சகிக்காது, ஆனாலும் நிறுத்தச் சொல்லமாட்டோம். ஒருமுறை லைன் மறுநாள்தான் வந்தது. அதுவரை ஒருத்தரும் எழுந்து வீட்டுக்குப் போகவில்லை. அந்த முகங்களில் பாதி இப்போது மண்ணுக்குள்.

பெகிமாயிடம் இதைச் சொல்லிப் பயனில்லை. இந்தக் கோடையும் இப்படியே போனால் கடையை மூடிவிட்டுப் பேத்தியையும் கூட்டிக்கொண்டு, மாஸ்கோவில் இருக்கும் என் மகனிடமே போய்விடுவதாகச் சொல்லிவிட்டாள். அப்புறம் வீட்டில் நான் மட்டும்தான்.

அதனால் ரவுட்டர் வாங்க நானும் கூடப் போனேன். இரண்டு இணைப்பு கொடுத்தால், ஒன்று செத்ததும் பெட்டி தானாக மற்றதுக்கு மாறுமாம். ஒரு பெட்டியில் இரண்டு கம்பி செருகலாம். இன்னொன்றில் ஒரு கம்பி, ஒரு சிம். கம்பியாவது கண்ணுக்குத் தெரிகிறது, அதையே வாங்கு என்றேன்.

"மாமா, ரெண்டு கம்பியும் நம்ம வாசல் கம்பத்து வழியாத்தானே வரும்? புல்லுக்கட்டு லாரி இழுத்தா ரெண்டும் சேந்துல்ல போகும்?"

"காத்துல வர்றத நம்பி கடை நடத்துவியா?"

"ரேடியோ மட்டும் கம்பியிலயா வருது? காலைலேந்து அதைத்தானே கேக்குறீங்க?"

கடைக்காரன் சிரித்துவிட்டான். சிம் பெட்டிதான் வீட்டுக்கு வந்தது.

புல் அறுப்பு முடிந்த வாரம், உச்சிவரை ஏற்றிய லாரி ஒன்று எங்கள் வாசலில் நெட் கம்பியைப் பிய்த்துக்கொண்டு போனது. உள்ளே ஒரு பெண் தன் மகனுக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தாள். போச்சு, இவளும் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்விடுவாள், பெகிமாய் மூட்டை கட்டிவிடுவாள் என்று உள்ளே ஓடினேன். பெகிமாய் தலை நிமிரவே இல்லை. பெட்டியில் ஒரு விளக்கு அணைந்தது, இன்னொன்று எரிந்தது. டிக்கெட் அச்சாகி வெளியே வந்தது. அந்தப் பெண்ணுக்கு எதுவும் நடந்ததே தெரியாது.

அவள் போனதும் பெகிமாய் சொன்னாள்: "நான் எங்கயும் போகல மாமா. அடுத்தவங்கள அனுப்புறதோட சரி."

எனக்கு மூச்சு வந்தது. அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"ஒரு நாள் ஓடினா ஆச்சா? பனி கொட்டி அந்த சிம்முக்கான டவர மூடட்டும், அப்பப் பேசு."

அவள் ஏதோ பதில் சொன்னாள். நான் நிற்கவில்லை, தெருவில் இறங்கி நடந்தேன்.