பக்கத்து ஷெட்டுக்கும் ஒரு கேஸ்

தன் வீட்டுக்காரர் கண்ணபிரான் மேல் கேஸ் விழுந்ததுகூட ஆவுடைத்தாய்க்குப் பெரிதில்லை. பக்கத்து ஷெட் பிரேமா மேல் விழவில்லையே என்பதுதான் வயிற்றெரிச்சல்.

புதியம்புத்தூரில் சுவரோடு சுவராக இரண்டு தையல் ஷெட். பள்ளிக்கூடம் போகவேண்டிய பன்னிரண்டு வயசுப் பிள்ளையைக் கண்ணபிரான் மிஷினில் உட்காரவைத்திருந்ததை அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டார்கள். குறைந்தது ஆறு மாசம் ஜெயில், இல்லையென்றால் அபராதம், இரண்டும் சேர்ந்து வந்தாலும் வரலாம் என்று வக்கீல் கையை விரித்துவிட்டார். அந்த வாரமே யாவாரி தீபாவளி ஆர்டரைத் தூக்கிப் பிரேமாவிடம் கொடுத்துவிட்டார். பொறுக்குமா?

"அவ மட்டும் யோக்கியமாக்கும்? பிள்ளைய வைக்காம இம்புட்டு உருப்படி எப்படிட்டி வெளிய போகும்?" என்றாள், மிச்சமிருந்த ஒரே வேலைக்காரி சுடலையம்மாளிடம்.

"எக்கா, ஒங்க சோத்துல உப்பு இருக்கான்னு பாருங்க. அடுத்த வீட்டு உலைய எதுக்கு எட்டிப் பாக்கீக?"

எட்டித்தான் பார்த்தாள். ஜன்னல் வழியே ஒரு ஸ்டூல் தெரிந்தது. அதன் மேல் மடித்த துணிக்கட்டு. மிஷின் எட்டாத பிள்ளைகளுக்குத்தான் அப்படிக் கட்டு வைத்து உசத்துவார்கள். அவளே வைத்தவள்தானே, தெரியாதா? பிள்ளைகளை வேலைக்கு வைத்தால் புகார் சொல்கிற 1098-க்குப் போன் போட்டுவிட்டாள்.

மறுநாள் ஜீப் வந்தது. ஆவுடைத்தாய் புதுச்சேலை கட்டி, அரிசி புடைக்கிற சாக்கில் வாசலில் நின்றுகொண்டாள். பிரேமா அழுகிற சத்தம் கேட்கும் என்று பார்த்தால், உள்ளேயிருந்து ஒரே சிரிப்பு.

அதிகாரிக்குப் பின்னாலேயே, அந்த ஸ்டூலில் உட்கார்ந்து தைக்கிற ஆசிபா வெளியே வந்தாள். அவர் இடுப்புக்குத்தான் இருந்தாள். கையில் ஆதார் அட்டை. வயசு முப்பத்திரண்டு.

"எம்மவன் எட்டாங்கிளாஸ் படிக்கான் சார். சாட்சிக்கு அவனக் கூப்பிடட்டுமா?"

"மன்னிச்சுக்கோங்கம்மா, புகார் வந்தா பாக்காம இருக்க முடியாது."

"பாருங்க சார், நல்லாப் பாருங்க," என்றாள் பிரேமா. "எங்க ஷெட்டுலயே வேகக்காரி இவதான்."

ஆசிபாவின் கண் முறத்தோடு நின்றவள் மேல் விழுந்தது.

"மொதல்ல ஒங்ககிட்டதானக்கா வேலை கேட்டு வந்தேன்? 'ஒன் உசரத்துக்கு மிஷின் தோதுப்படாது'ன்னு தொரத்தி விட்டீக. அந்தச் சின்னப் பிள்ளைக்கு மட்டும் எப்படிக்கா தோதுப்பட்டுச்சு?"

ஆவுடைத்தாய் முறத்தோடு உள்ளே போனாள். கட்டிலில் கிடந்த கண்ணபிரான் ஆவலாக எழுந்து உட்கார்ந்தார்.

"என்ன, அவளுக்கும் கேஸா?"

"இல்ல."

"பெறகு ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"நம்மகிட்ட தச்சிருக்கவேண்டிய கை அது," என்றாள். "அவகிட்டல்லா தைக்கு!"