ட்ரெய்லர் பார்க்காத மாப்பிள்ளை

ஆன்ஸ்லின் சினிமாவுக்குப் போகிற அழகைக் கருங்கல் ஊர்ச் சந்தைப் பக்கம் அறியாதவர்கள் குறைவு. தியேட்டர் இருக்கிற தெருமுனை வந்ததும் பைக்கை நிறுத்துவான். தோளில் கிடக்கும் தோர்த்துத் துண்டை எடுத்து முகம் மறையத் தலைவழியே போட்டுக்கொள்வான். அதற்கப்புறம் கூட்டாளி லிஜின் அவன் கையைப் பிடித்து, "படி இருக்கு மக்கா, காலத் தூக்கு" என்று நடத்திக்கொண்டு போவான். போஸ்டர் கண்ணில் பட்டுவிடக் கூடாதாம். உள்ளே போய் உட்கார்ந்தாலும் தோர்த்து இறங்காது. வரப்போகிற படங்களின் ட்ரெய்லரெல்லாம் ஓடி முடிந்து, லிஜின் தொடையில் தட்டிய பிறகுதான் முகம் வெளியே வரும். டிக்கெட் கிழிக்கிறவர் வெகுகாலம் அவனைக் கண் தெரியாதவன் என்று நினைத்து, சத்தம் நன்றாகக் கேட்கிற இடமாகப் பார்த்து உட்காரவைத்தார். ஒருநாள் இடைவேளையில், பப்ஸுக்குள் முட்டை கால்வாசிதான் இருக்கிறது என்று அவன் கடைக்காரனோடு மல்லுக்கு நின்றதைப் பார்த்த பிறகு அந்த மரியாதையும் போயிற்று.

"சோறு விளம்புகதுக்கு முன்னாடியே ஏப்பம் விடச் சொல்லுகானுவ மக்கா. அதுக்குப் பேருதான் ட்ரெய்லரு" என்பது ஆன்ஸ்லினின் கட்சி. கத்தாரில் ஏசி மெக்கானிக் வேலை. அங்கே அறைக்காரர்கள் ஆளுக்கொரு டீசரைப் போட்டுக் கொண்டாடும்போது இவன் கழிவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்வான். செல்போனில் கேம் இறக்குவதென்றாலும் விளம்பர வீடியோவைப் பார்க்க மாட்டான். அப்படி இறக்கிய ஒன்று, சின்னப் பிள்ளைகளுக்குப் பழங்களின் பெயர் சொல்லிக்கொடுக்கிற கேமாக இருந்துவிட்டது. கொள்கை என்று ஒன்று இருக்கிறதே, அன்னாசிப்பழம் வரைக்கும் விளையாடி முடித்தான்.

இப்படிப்பட்டவன் லீவில் ஊருக்கு வந்திருந்தபோதுதான் வீட்டில் பெண் பார்த்தார்கள். தரகர் அனுப்பிய போட்டோவை அவன் திறக்கவே இல்லை. அவனுக்குப் பதிலாக லிஜின் பார்த்தான். எப்படி இருக்கிறாள் என்று மூச்சுவிடக் கூடாது என்பது ஒப்பந்தம். லிஜின் மூச்சுவிடவில்லைதான். ஆனால் போட்டோவைப் பார்த்ததும் லேசாகச் சிரித்துவிட்டான். "சிரிச்சதே டீசர் தாம்லே" என்று கோபித்துக்கொண்டு ஆன்ஸ்லின் அவனோடு ஒரு வாரம் பேச்சை நிறுத்தினான்.

பெண் வீடு கோட்டாறில். அப்பா சகாயம் கருவாட்டு மொத்த வியாபாரி. மகள் அஜிஷா, ஓர் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். பெண் பார்க்கப் போன அன்று ஆன்ஸ்லின் தட்டில் அடுக்கியிருந்த முந்திரிக்கொத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பையனுக்கு நல்ல அடக்கம் என்றார் சகாயம். நல்ல பசி என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அப்போது தலைக்கு மேலே, டீ கொண்டுவந்த பெண்ணின் குரல் கேட்டது.

"டீ ஆறுது. முந்திரிக்கொத்து எங்கயும் ஓடிப் போவாது."

அந்தக் குரலில் விழுந்தவன்தான். அங்கேயே சரி சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு போனில் மணிக்கணக்காகப் பேச்சு. வீடியோ கால் மட்டும் கிடையாது. பேச்சுவாக்கில் ஒருநாள் ஒரு விஷயம் வெளியே வந்தது. அஜிஷா ஒரு படத்துக்குப் போவதற்கு முன்னால் ட்ரெய்லரைத் திரும்பத் திரும்பப் பார்ப்பாளாம். விமர்சனம் படிப்பாளாம். போதாததற்கு, ஏற்கெனவே பார்த்த யாரையாவது பிடித்து, கடைசியில் யார் சாகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் டிக்கெட்டே எடுப்பாளாம். கடவுள் எத்தனையோ பெண்களைப் படைத்திருக்க, தனக்கென்று இவளை எடுத்து வைத்தாரே என்று அவன் அன்றைக்கு நொந்துகொண்டான். ஆனாலும் குரல் குரல்தான். மறுநாளும் அவனே போன் செய்தான்.

வினை வந்தது ஓலையில். கத்தோலிக்கருக்குக் கல்யாணம் என்றால் அதற்கு முந்தைய மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று அறிவிப்பார்கள். முதல் ஞாயிறு பூசை முடிவில் ஃபாதர் மரியஜான் காகிதத்தை எடுத்துத் தொண்டையைச் செருமினார். ஆன்ஸ்லின் ஆண்கள் பக்கம் முன்வரிசையில், புதுச்சட்டையோடு, கழுத்தை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். தன் பெயர் வந்தது. அதுவரை பெருமையாகத்தான் இருந்தது. "கோட்டாறு பங்கைச் சேர்ந்த..." என்று ஃபாதர் அடுத்த பக்கத்துக்குப் போனபோதுதான் அவனுக்குப் பொறி தட்டியது. பெண்ணின் முழுப்பெயர் வரும். அம்மா பெயர் வரும். படிப்பு வரும். ஐயோ, இது ட்ரெய்லர் அல்லவா? அதுவும் மைக் வைத்து!

இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழுந்தான். காது முழுதாக அடைபடாததால், "ல ல ல லா" என்று உரக்கப் பாடிக்கொண்டே நடுவழியாக ஓடினான். மணிக்கூண்டுக்குப் பின்னால் போய் நின்றும் பாட்டை நிறுத்தவில்லை. உள்ளே, தடை ஏதும் அறிந்தவர்கள் என்று ஃபாதர் வாசித்துக்கொண்டிருந்த நேரமும், மாப்பிள்ளை வாசலைத் தாண்டிய நேரமும் ஒன்றாகிப் போனது யார் குற்றம்?

கோயிலில் ஃபாதருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் ரசலையனுக்கு அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. "சாமி, நானும் எத்தனையோ ஓலை கேட்டாச்சு. பழைய காதலி எழும்பியிருக்கா, கடன் குடுத்தவன் எழும்பியிருக்கான். மாப்பிளையே எழும்பினது இதுதான் முதல்தடவை. இது தடைதான். விசாரிக்காம அடுத்த ஓலை வாசிக்கப்படாது" என்று ஒரே பிடியாக நின்றார். மாப்பிள்ளையே தன் கல்யாணத்துக்குத் தடை சொல்லிவிட்டான் என்ற செய்தி, அன்று மதியத்துக்கு முன்பே கோட்டாறு கருவாட்டுக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

புதன்கிழமை சாயங்காலம் பங்குத்தந்தை வீட்டில் விசாரணை. சகாயமும் அஜிஷாவும் வந்திருந்தார்கள். ஆன்ஸ்லின், லிஜின் கையைப் பிடித்துக்கொண்டு, தோர்த்து மூடிய தலையோடு வந்தான்.

"ஏலே, அத எடுத்து மாத்து" என்றார் ஃபாதர்.

"பொண்ணு இருக்குல்லா ஃபாதர்."

"எனக்க மொவ முகத்துல என்ன, தீயா எரியுது?" என்று சகாயம் எழுந்தேவிட்டார். லிஜின் அவரைப் பிடித்து உட்காரவைத்து, தன் நண்பனுடைய கொள்கையை ஆதியோடந்தமாக விளக்கினான். ஃபாதருக்குக் கோபம் போய் ஆர்வம் வந்துவிட்டது. அவரும் சினிமா பார்க்கிறவர்தான்.

"அப்பிடிப் பாத்தா, தீர்க்கதரிசிகள் எல்லாம் பின்ன யாருடே? மெசியா வாறதுக்கு எத்தனையோ நூறு வருசம் முந்தியே ட்ரெய்லர் விட்டவங்கதானே?"

"அதுதான் ஃபாதர் நானும் சொல்லுகேன்" என்றது தோர்த்து. "ராசா மாதிரி வருவாருண்ணு ஏத்தி விட்டாங்க. படம் வந்தப்ப ஒரு கழுதையில வந்து எறங்குனாரு. சொந்த ஊருக்காரனுக்கே புடிக்கல்ல."

அடுத்த வாரப் பிரசங்கத்துக்கு இதை எடுத்துக்கொள்ளலாமா என்று ஃபாதர் யோசிப்பது போலிருந்தது.

"கொஞ்சநேரம் எல்லாரும் வெளிய இருக்கியளா ஃபாதர்?" என்றாள் அஜிஷா.

கதவைத் திறந்தே வைத்துவிட்டு எல்லோரும் வராந்தாவுக்குப் போனார்கள். தாம் அங்கேதான் நிற்கிறோம் என்று தெரிவிக்க ரசலையன் இருமிக்கொண்டே இருந்தார்.

"இப்ப சொல்லுங்க. என்னத்துக்கு இந்தக் கோமாளித்தனம்?"

விளையாட்டாக ஏதாவது சொல்லித் தப்பிக்கலாம் என்றுதான் ஆன்ஸ்லின் நினைத்தான். ஆனால் தோர்த்துக்குள் இருட்டாக இருந்தது, எதிரே அந்தக் குரல் இருந்தது. லிஜினிடம்கூடச் சொல்லாததைச் சொன்னான்.

"எனக்க அம்மைக்கு ஸ்கேன் எடுத்தப்ப டாக்டரு எல்லாத்தையும் முன்கூட்டிச் சொல்லிட்டாரு. இன்ன மாசம் சாப்பாடு எறங்காது, இன்ன மாசம் ஆள் தெரியாதுண்ணு. அம்ம அடுக்களையில நிண்ணு சிரிச்சிட்டு மீன் கழுவும். நான் அத மறைஞ்சு நிண்ணு பாத்து அழுவேன். இருக்கும்போதே அழுது தீத்துட்டேன், கேட்டியா. செத்த அண்ணைக்கு ஒரு சொட்டு வரல்ல. இப்ப பெட்டி வரும், இப்ப மணி அடிக்கும்ண்ணு, பாத்த படத்தப் பாக்குத மாதிரி நிண்ணேன். அதுக்குப் பொறவு எனக்கு ஒண்ணும் முன்னாடி தெரியாண்டாம்."

அஜிஷா நாற்காலியை அருகில் இழுத்துப் போட்ட சத்தம் கேட்டது.

"எனக்க வார்டுக்கு வாறவங்க எல்லாம் ட்ரெய்லர் பாக்காதவங்கதான். காலையில சந்தைக்குப் போன ஆளு, மத்தியானம் டியூப் போட்டுக் கெடக்கும். வீட்டுக்காரி வந்து எனக்க கையப் புடிச்சிட்டு, புட்டு வேவல்லண்ணு சண்ட போட்டுட்டுல்லா போனாரு சிஸ்டர், ஒரு வார்த்த பேச வையுங்கண்ணு கேக்கும். முன்னாடி தெரிஞ்சிருந்தா அந்தப் புட்டு சண்டையாவது இல்லாம இருந்திருக்கும். அத நான் தினமும் பாக்கேன்."

இருவர் சொல்வதும் சரியாக இருந்தால் ஒரு மனிதன் என்னதான் செய்வான்? ஆன்ஸ்லின் தோர்த்தின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தான். அப்போது அவன் மடியில் ஒரு செல்போன் வந்து விழுந்தது.

"இது எனக்க ட்ரெய்லர். லிஜின் அண்ணன்தான் வெட்டி ஒட்டித் தந்தாரு. இதப் பாக்காம என்னக் கெட்டப்படாது. பாத்துட்டு வேண்டாம்ண்ணா, தடை எனக்குத்தான்ணு நானே ஃபாதருகிட்ட சொல்லிட்டுப் போயிருவேன். உங்க பேரு கெடாது."

"லிஜினா? துரோகி" என்றான் ஆன்ஸ்லின். வராந்தாவில் யாரோ நகர்ந்து நிற்கும் சத்தம் கேட்டது.

போனை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம். கொடுத்தால் அந்தக் குரல் கோட்டாறுக்குத் திரும்பிப் போய்விடும். அதை நினைத்ததும் நெஞ்சில் ஒரு பயம் பிடித்தது. அது கொள்கையை விடப் பெரிய பயமாக இருந்தது. போனைத் தோர்த்துக்குள் கொண்டுபோய் அமுக்கினான்.

ஆக, எதிரில் உட்கார்ந்திருந்த பெண்ணை அவன் முதன்முதலாகப் பார்த்தது கையகலத் திரையில்தான். லிஜின் தன் கைவரிசையைக் காட்டியிருந்தான். பறைமேளம் அதிர, ஆஸ்பத்திரி வராந்தாவில் பிரஷர் பார்க்கும் கருவியோடு அஜிஷா ஸ்லோ மோஷனில் நடந்துவந்தாள். "அவளுக்குக் கோபம் வந்தால்..." என்று லிஜினின் கட்டைக்குரல் உறுமியது, அஜிஷா யாரோ ஒருவரைப் போனில் திட்டித் தீர்த்தாள். அடுத்து வாயைப் பிளந்து குறட்டை விட்டாள்; குறட்டைக்கு வயலின் சேர்த்திருந்தான். பாரை மீன் தலையைச் சப்பிச் சப்பித் தின்றாள். ஆன்ஸ்லினுக்குத் தோர்த்துக்குள்ளேயே சிரிப்பு வந்தது. இதற்குப் போயா அந்தப் பயல் போட்டோ பார்த்துச் சிரித்தான், இவள் அழகாக அல்லவா இருக்கிறாள் என்று தோன்றியது.

சட்டென்று மேளம் நின்றது. கடைசிக் காட்சிக்கு இசை இல்லை. அஜிஷா கட்டிலில் உட்கார்ந்து, சட்டையைக் கொஞ்சம் தூக்கி, வயிற்றில் தானே ஊசி குத்திக்கொண்டாள். நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள். "பள்ளியில படிக்கும்போதே வந்த சுகரு. தினமும் ஊசி உண்டு. முன்னாடி நிச்சயம் பண்ணுன ஒருத்தன் இத அறிஞ்சதும் போயிட்டான்" என்றாள். அவ்வளவுதான், திரை கறுத்துவிட்டது.

ஆன்ஸ்லின் தோர்த்தை எடுத்தான். நேரில் அவள் இன்னும் மெலிவாக இருந்தாள். இரண்டு கையையும் முழங்காலில் அழுத்தி வைத்து, எழுந்து போகத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"இது... போகப் போக எப்பிடி ஆவும்?" என்று கேட்டான். அந்தக் கேள்வி எப்படித் தன் வாயிலிருந்து வந்தது என்று அவனுக்கே விளங்கவில்லை. "நீ நர்ஸுல்லா. உனக்குத் தெரியுமே. கடைசியில என்ன ஆவும்?"

அவள் வாயெடுத்தாள். கண், சிறுநீரகம், கால் என்று எல்லாமே அவள் படித்தவள்தான்; நாள்தோறும் பார்க்கிறவள்தான். ஆனால் சொல்லவில்லை. முதல்தடவையாக அந்தக் குரல் இடறியது.

"அத மட்டும் எனக்குத் தெரியாண்டாம்" என்றாள். "அத நான் யாருகிட்டயும் கேக்கல்ல."

வாசலில் ரசலையனின் தலை நீண்டது. "சாமி கேக்குகாரு. தடை உண்டா, இல்லியா?"

அஜிஷா அவன் முகத்தைப் பார்த்தாள். என்ன சொல்லப்போகிறான் என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தத் தெரியாமையைத் தாங்க அவளுக்குப் பழக்கமும் இல்லை, பாவம்.

"தடையெல்லாம் ஒண்ணும் கெடையாது உபதேசியாரே" என்றான் ஆன்ஸ்லின். "மிச்சம் உள்ள ரெண்டு ஓலையையும் இந்த ஞாயித்துக்கெழமையே சேத்து வாசிச்சுத் தருவாராண்ணு மட்டும் கேளும்."